கபாலபாதியின்போது விரல் நுனியில் ஊசி குத்துவது போல் வரும் உணர்வு மின்னாற்றலா?

இல்லை. கபாலபாதி என்பது மூச்சை விரைந்து வெளியேற்றும் யோகப் பயிற்சி. அப்போது விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல் நீங்கள் உணர்வது, உடலின் மின்னாற்றல் பெருகியதற்கான அடையாளம் அன்று.

உடலில் மின்சாரம் இருப்பது மெய்தான். ஓய்விலுள்ள நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது, இதயத்தின் மின்னலைகளையே ஈசிஜி பதிவு செய்கிறது. ஆனால் அது செல்களின் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளால் நொடிக்கு நொடி உண்டாவது. பயிற்சியால் சேமித்து வைக்கக்கூடியது அன்று. ஆகவே, வீட்டு வளவின் (முற்றத்தின்) ஆத்தங்குடிக் கல் தரை அந்த ஆற்றலை இழுத்துவிடும், அதனால் பாய் விரித்தே பயிற்சி செய்ய வேண்டும் என்று யாரோ உங்களிடம் சொன்னதற்கும் அடிப்படை இல்லை. பாய் விரிப்பது முழங்காலுக்கு நல்லது, அவ்வளவே.

பெரும்பாலும் காரணம் மூச்சின் வேகம்தான். காற்றை விரைந்து வெளியேற்றும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, காரத்தன்மை சற்று உயர்ந்து, கட்டற்ற கால்சிய அயனிகள் குறைவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன.

நாளைக் காலை கபாலபாதியை விட்டுவிட்டு, ஆழமாக இழுக்காமல் நிமிடத்துக்கு 6 மூச்சு வீதம் 5 நிமிடம் செய்து பாருங்கள். அந்த உணர்வு வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். இவ்வாறு நிதானமாக மூச்சு விடுவது மன இறுக்கத்தைத் தணிக்கும். யோகத்தின் மெய்யான பலனாக நான் மதிப்பது இதைத்தான்.

பயிற்சி செய்யாத வேளையிலும் மரத்துப்போனால், சர்க்கரை நோய், பி12 குறைபாடு, கழுத்து நரம்பு அழுத்தம் ஆகியவற்றுக்காக மருத்துவரைப் பாருங்கள். உயர் இரத்த அழுத்தமோ வலிப்போ இருந்தால் கபாலபாதி வேண்டாம்.