ரெகொபெயாம் கேட்ட இரண்டு கேள்விகள்

அன்புள்ள ஐயா,

செம்பூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபைக்கு மே மாதத்திலிருந்து நான் செயலாளர். வயது 36. பழைய ஹாலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம். ஆலோசனைக்காரர் அநேகர் வேண்டும் என்று நீதிமொழிகள் சொல்வதால் நண்பர்கள் ஐந்து பேரிடம் கேட்டேன். நாங்கள் எல்லோரும் ஒருமனமாக இருக்கிறோம். கமிட்டியில் ஒரு பெரியவர் மட்டும் எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்கிறார். வேதத்தின்படி எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் கேட்கலாமா?

ஜே., செம்பூர்

அன்புள்ள ஜே.,

எண்ணிக்கை எதுவும் வேதத்தில் இல்லை. வெளியாட்களிடம் தாராளமாகக் கேளுங்கள். மோசேக்கே வழி சொன்ன எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியன்தானே. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. "நாங்கள் எல்லோரும்" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு வாரமாக 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். சாலொமோன் இறந்தபின் ஜனங்கள் சீகேமில் கூடி, உம்முடைய தகப்பன் வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையும் என்று அவன் மகன் ரெகொபெயாமிடம் கேட்கிறார்கள். அவன் மூன்று நாள் தவணை வாங்குகிறான். ஆலோசனை கேட்காமல் கெட்டவன் என்று அவனைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்வார்கள். தப்பு. முதியோரிடமும் கேட்டான், கூட வளர்ந்தவர்களிடமும் கேட்டான். உங்களைவிட அதிகமாகவே கேட்டான்.

கேட்ட விதத்தைப் பாருங்கள். முதியோரிடம், இந்த ஜனங்களுக்குப் பதில் சொல்ல என்ன யோசனை சொல்கிறீர்கள் என்கிறான். நண்பர்களிடம் வந்ததும், எபிரெய மூலத்தில், "நாம் பதில் சொல்ல" என்று ஆகிவிடுகிறது. முதியோரிடம் வராத "நாம்" இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. முடிவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. என் சுண்டுவிரல் என் தகப்பனுடைய இடுப்பைவிடப் பருமன் என்று சொல் என்றார்கள், தகப்பன் சாட்டையால் தண்டித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்று சொல் என்றார்கள். அவனும் அப்படியே சொன்னான். இஸ்ரவேலின் பத்துக் கோத்திரம் கையை விட்டுப் போயிற்று. இளரத்தம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். ராஜாவானபோது அவனுக்கு வயது 41. கூட வளர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருக்கும்.

உங்கள் "நாங்கள்" என்பதில் அந்தப் பெரியவர் இல்லையே, ஜே.

நானும் இதைச் செய்திருக்கிறேன். தாராவியில் எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு நான் தலைவனாக இருந்தபோது பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த சயான் பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்தோம். நண்பர்கள் நான்கு பேரும் சரி என்றார்கள். அட்வான்ஸ் கொடுத்தோம். அப்புறம்தான் இட்லி வியாபாரம் செய்த அண்ணாச்சியிடம் போய், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். விடியற்காலையில் சைக்கிளில் பாத்திரம் கட்டி அந்தச் சந்து வழியாகத்தான் தினமும் போவார். "வேண்டாம் தம்பி, அந்த இடம் பள்ளம். மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும், நான் சைக்கிள உருட்டிக்கிட்டுதான் போவேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பணம் கொடுத்தாகிவிட்டது என்று அவரிடம் சொல்லவே இல்லை.

ஜூன் மாதம் தண்ணீர் வந்தது. இருநூறு நோட்டுப் புத்தகங்கள் நனைந்தன. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டு அடுப்படியில் கயிறு கட்டி ஒவ்வொரு நோட்டாகத் தொங்கவிட்டார். அடுத்த நாள் இட்லிக்கு மாவு ஆட்டுவதற்குக்கூட அங்கே இடமில்லை. அவர் காலமாகிப் பல வருடமாகிறது. ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கயிறு எனக்கு ஞாபகம் வருகிறது.

குறுக்கே நிற்கிறார் என்கிறீர்கள். இஸ்ரவேல் ராஜா ஆகாபும் தீர்க்கதரிசி மிகாயாவைப் பற்றி இதையேதான் சொன்னான். தனக்கு நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டான், அதனால் அவனைப் பகைக்கிறேன் என்றான். ஆமாம் போட 400 தீர்க்கதரிசிகள் அவனிடம் இருந்தார்கள். உங்களிடம் ஐந்து பேர். அந்தப் பெரியவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். பிளானையும் எஸ்டிமேட்டையும் கொண்டுபோகாதீர்கள். கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால், உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.