ஏற்றுமதி நிறுவனத்துக்கு ரூபாய் சரிந்தால் லாபம்தானே? பிறகு ஆண்டறிக்கையில் "சந்தை அபாயம்" என்று நாலு பக்கம் எதற்கு?

கேட்டவர் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் பங்கு வைத்திருக்கிறார் போல. விற்பனை வருடாவருடம் ஏறுகிறது, டாலரும் ஏறுகிறது, அப்புறம் என்ன அபாயம் என்று கேட்கிறார். டாலர் ஐம்பது பைசா ஏறினாலே "ஏற்றுமதிப் பங்குகளுக்குக் கொண்டாட்டம்" என்று டிவியில் ஓடவிடுகிறார்களே, அதைக் கேட்டுக் கேட்டு வந்த கேள்வி இது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ நான் சொல்லவில்லை.

ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். இண்ட் ஏஎஸ் 107 கணக்கியல் தரத்தின்படி சந்தை அபாயத்தை கரன்சி, வட்டி, மற்ற விலைகள் என்று மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கரன்சி அட்டவணையில் ஒரு கூட்டல் கழித்தல் போடுங்கள். பையர்களிடமிருந்து வரவேண்டியது 60 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலரில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன் (சரக்கு அனுப்பும் முன் வங்கி தருவது) 35 லட்சம். ஜிப், லேபிள் இறக்குமதி பாக்கி 5 லட்சம். ஃபார்வர்டில், அதாவது பிறகு வரப்போகும் டாலரை இன்றே விலை பேசி வங்கிக்கு விற்கும் ஒப்பந்தத்தில், முன்கூட்டியே விற்றது 15 லட்சம். மிச்சம் நிற்பது வெறும் 5 லட்சம் டாலர். ரூபாய் ஒன்று சரிந்தால் கையிருப்புக் கணக்கில் கிடைப்பது 5 லட்சம் ரூபாய், நீங்கள் நினைத்த 60 லட்சம் இல்லை.

"அடுத்த வருட ஆர்டருக்கு லாபம் வருமே" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். வரும், ஒரு சீசனுக்கு. பையருக்கும் எக்ஸ்சேஞ்ச் ரேட் பார்க்கத் தெரியும். அடுத்த விலை பேசும்போது பீஸுக்கு இத்தனை சென்ட் குறை என்பார்.

வளரும் நிறுவனத்தில் நிஜமான ஆபத்து ஃபார்வர்டில் இருக்கிறது. வளர்ச்சி இப்படியே போகும் என்று நம்பி, கையில் ஆர்டர் வருவதற்கு முன்பே டாலரை விற்றுவைப்பார்கள். 10 லட்சம் டாலரை 84.50-க்கு விற்றாயிற்று. பையர் பாதி ஆர்டரை ரத்து செய்கிறார். தவணை நாளில் சந்தை 87. வராத 5 லட்சம் டாலரை 87-க்கு வாங்கி 84.50-க்குக் கொடுத்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும். நஷ்டம் 12.5 லட்சம் ரூபாய், ரொக்கமாக, சரக்கே அனுப்பாத ஆர்டருக்கு. 2008 தொடக்கத்தில் 39 ரூபாய் சுற்றி இருந்த டாலர் வருடக் கடைசியில் 50-ஐத் தொட்டது. ஆர்டர் ரத்தானதும் அதே சமயத்தில்தான். ரூபாய் சரிந்துதான் ஏற்றுமதியாளர்கள் அடிவாங்கினார்கள்.

அதைவிட மோசமானவை 2007-ல் கோவை, திருப்பூர் பக்கம் வங்கிகள் விற்ற டாலர்–சுவிஸ் பிராங்க் ஒப்பந்தங்கள். பனியன் விற்பவருக்கு பிராங்கில் வரவும் கிடையாது, செலவும் கிடையாது. ஆரம்பத்தில் கொஞ்சம் காசு கையில் வரும், பிராங்க் ஒரு அளவைத் தாண்டினால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. கோவையின் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் இதுபோன்ற ஒப்பந்தத்தை எதிர்த்து ஆக்சிஸ் வங்கிமீது போட்ட வழக்கில், இது சூதாட்ட ஒப்பந்தம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் சொல்லிவிட்டது. அதனால் உங்கள் நிறுவனத்தின் டெரிவேட்டிவ் (ஃபார்வர்ட் போன்ற ஒப்பந்தங்கள்) பட்டியலில் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத கரன்சி தென்பட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

"எங்களுக்கு நேச்சுரல் ஹெட்ஜ் இருக்கிறது", அதாவது வரவும் கடனும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நிர்வாகம் சொன்னால் எந்தக் கரன்சியில் என்று பாருங்கள். ஜெர்மன் நிட்டிங் மெஷினுக்கு யூரோவில் கடன், வரவு டாலரில் என்றால் அது ஹெட்ஜே இல்லை. அங்கே யூரோ–டாலர் என்று புதிதாக ஒரு ரிஸ்க் சேர்ந்திருக்கிறது.

வட்டிக்கு வருவோம். குறிப்பில் "வட்டி 0.5% ஏறினால் லாபம் இவ்வளவு குறையும்" என்று சமர்த்தாக ஒரு வரி இருக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 4%-லிருந்து 6.5%-க்குப் போனது. மாறும் வட்டியில் 200 கோடி கடன் இருந்தால் வருடத்துக்கு 5 கோடி கூடுதல். வரிக்கு முன் லாபம் 20 கோடி என்றால் கால்வாசி போச்சு. ஆகவே 0.5% கணக்கை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். டாலர் கடன் மலிவு என்று போனவர்களும் தப்பவில்லை. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த சோஃபர் (டாலர் கடனுக்கு அடிப்படையான வட்டி) 2023-ல் 5%-ஐத் தாண்டியது. புது ஷெட், புது டையிங் யூனிட் எல்லாம் குறுகியகாலக் கடனில் எழுந்திருந்தால் இன்னும் சிக்கல். மெஷின் காசு சம்பாதிக்க மூன்று வருடம், கடன் புதுப்பிக்க ஆறு மாதம்.

பஞ்சு விலை: 356 கிலோ கொண்ட ஒரு கண்டி 2022 மே மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, அதற்கு ஒரு வருடம் முன்பு ஏறக்குறைய பாதிதான். பையரிடம் டாலர் விலையை நாலைந்து மாதம் முன்பே பேசி முடித்திருப்பார்கள், நூல் பிறகு வாங்குவார்கள். விலையைப் பூட்டிவைக்க எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் பஞ்சு காண்ட்ராக்ட் இருக்கிறதே என்பவர்களுக்கு: நிறுவனம் வாங்குவது நூல், பஞ்சு அல்ல, இரண்டின் விலையும் ஒன்றாக நடக்காது. ஆர்டர் உறுதியான அன்றே மில்லில் நூலையும் பேசிவைப்பதுதான் நடைமுறையில் பலன் தருவது. பயந்துபோய் உச்சத்தில் வாங்கி அடுக்கியவர்களுக்கு அந்த வருடக் கடைசியில் ஸ்டாக் மதிப்பு இறங்கியது தனிக் கதை.

பங்கு விலையே அபாயமாகும் இடமும் உண்டு: எஃப்சிசிபி, அதாவது வெளிநாட்டில் டாலரில் கடன் வாங்கிக் கொடுத்த, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய பத்திரம். பங்கு விலை ஏறினால் பத்திரம் பங்காக மாறிவிடும், கவலையில்லை. ஏறாவிட்டால் டாலரில் திருப்பித் தர வேண்டும், பெரும்பாலும் ரூபாயும் சரிந்திருக்கும் நேரத்தில். காற்றாலை நிறுவனம் சுஸ்லான் 2012 அக்டோபரில் சுமார் 20.9 கோடி டாலர் கட்ட முடியாமல் நின்றது இப்படித்தான். பங்கு விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் விற்றுவிடலாம் என்பதால், புரமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதலாளி) அடமானம் வைத்த பங்கின் அளவையும் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தமில்லாத புலம்பல் ஒன்று: ஆண்டறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிப் போடுகிறார்களே, தேடினால் ஒரு சொல்கூடச் சிக்காது. 300 பக்கத்தில் கரன்சி அட்டவணையைக் கண்ணால் துழாவ வேண்டியிருக்கிறது.

கான்காலில் (நிர்வாகம் முதலீட்டாளர்களோடு ஃபோனில் நடத்தும் கூட்டம்) பேச வாய்ப்புக் கிடைத்தால் டாலர் எங்கே போகும் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். "விற்றுவைத்த ஃபார்வர்டில் எத்தனை சதவீதத்துக்குக் கையில் உறுதியான ஆர்டர் இருக்கிறது?" என்று கேளுங்கள். சிஎஃப்ஓ, அதாவது நிதித் தலைவர், எண் சொல்கிறாரா, "கொள்கைப்படி செய்கிறோம்" என்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.