ரைடிங் லான் மோவரில் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) வெட்டும் உயரத்தை எப்படிச் சரிசெய்வது? லீவரை 3-ல் வைத்தும் ஒரு பக்கம் மட்டும் புல் மொட்டையாகிறதே, ஏன்?

லீவர் ஓரத்தில் போட்டிருக்கும் 1, 2, 3 எல்லாம் பெரும்பாலான வண்டிகளில் அங்குலக் கணக்கு இல்லை, வெறும் படிகள். ஒரு வண்டியின் 3 இன்னொரு வண்டியின் 3 ஆகாது. அதனால் எண்ணை நம்பாமல் பிளேடை அளந்து பார்ப்பதுதான் என் பழக்கம்.

ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகிறது என்றால், லீவரைத் தொடுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். ஒரு டயரில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், கூடவே டெக்கும் (பிளேடை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) சாயும். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. காற்றே போதும். முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறாக இருக்கலாம், கையேட்டில் சொன்னபடி வையுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

காற்று சரியாக இருந்தும் சாய்கிறதா? வண்டியை சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது, கை போகப்போவது பிளேடுக்குப் பக்கத்தில். தடித்த கையுறை போட்டு, பிளேடை இடம் வலமாகத் திருப்பி, இரு ஓரத்திலும் வெட்டும் முனையிலிருந்து தரை வரை அளங்கள். டெக்கின் தகட்டு விளிம்பை அளந்தால் ஏமாந்துபோவீர்கள், அது வளைந்திருக்கலாம். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால், டெக்கைத் தாங்கும் கம்பியில் இருக்கும் நட்டைத் திருகி, தாழ்ந்த பக்கத்தை உயர்த்துங்கள். பிறகு பிளேடை முன் பின்னாகத் திருப்பி அளங்கள். முன் முனை பின் முனையைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், பல வண்டிகளில் 3 முதல் 9 மில்லிமீட்டர். பின்பக்கம் தாழ்ந்தால், ஒருமுறை வெட்டிய புல்லையே பிளேடு மறுபடி அரைத்துக்கொண்டிருக்கும், எஞ்சினுக்கு வீண் சுமை.

டெக்கின் ஓரத்தில் சின்னச் சக்கரங்கள் இருக்கிறதே, அவை டெக்கைத் தூக்கிச் சுமப்பதற்கு அல்ல. வெட்டும் உயரத்தில் டெக் இருக்கும்போது அவை தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். மேடு வந்தால் மட்டும் தரையில் பட்டு டெக்கை உயர்த்தும். லீவரை மாற்றும்போதெல்லாம் இவற்றையும் மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த உயரம் என்பது புல் வகையைப் பொறுத்தது. பெர்முடா புல் 1 முதல் 2 அங்குலத்தில் அழகாக இருக்கும். டால் ஃபெஸ்க்யூவுக்கு 3 அங்குலத்துக்குக் குறைக்கவே கூடாது என்பேன். வெயில் காலத்திலும் மர நிழலிலும் ஒரு படி ஏற்றிவிடுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவும் வேண்டாம். ஒட்ட வெட்டினால் வேர் ஆழம் போகாது, வெயில் நேராக மண்ணில் விழுந்து களை முளைக்கும். 6 அங்குலம் வளர்ந்துவிட்டதென்றால் முதலில் 4 அங்குலத்துக்கு வெட்டி, சில நாள் விட்டு மறுபடி இறக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நீளத்துக்கு மட்டும் ஓட்டி நிறுத்தி, டயர் மிதிக்காத இடத்தில் ஸ்கேலை நட்டு நின்ற புல்லை அளங்கள். புல் காய்ந்திருக்கும்போது பாருங்கள், ஈரப் புல் படுத்துக்கொண்டு தப்பான அளவைக் காட்டும்.