இன்ஜின் வேலை: செலவு செய்யலாமா, வண்டியை விட்டுவிடலாமா?

கேள்வி: 2012 ஸ்விஃப்ட் டீசல், 1,90,000 கி.மீ. ஓடிவிட்டது. நீலப் புகை வருகிறது, ஆயிலும் குடிக்கிறது. ஃபுல் இன்ஜின் வேலைக்கு 95,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: இன்ஜினை இறக்குவதற்கு முன் டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள். டர்போவின் ஆயில் சீல் போனாலும் இதே நீலப் புகைதான் வரும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே லேசாக ஆயில் படிந்திருப்பது சகஜம்; தேங்கி ஒழுகினால் சந்தேகம் டர்போ மேல்தான். அப்புறம், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சிலிண்டர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்ஜின்தான் என்று தெரிந்துவிட்டால், இரண்டு விலை விசாரியுங்கள். வண்டி நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகும்? இப்படியே கொடுத்தால் என்ன கிடைக்கும்? பேச்சுக்கு 2,40,000, 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரு லட்சம். 95,000 செலவழித்து விற்றால் அலைச்சல்தான் மிச்சம், அப்படியே விற்றுவிடுங்கள். நீங்களே நாலைந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள், பாடி துருப்பிடிக்கவில்லை, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் 15 வருட ஆர்.சி. 2027-ல் முடியும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, எஃப்.சி., பசுமை வரி எல்லாம் அதற்கு மேல். போன வருடம் டயர் போட்டேன், ஏசி பார்த்தேன் என்பதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போன பணம்.

அந்த 95,000-ல் எதெது அடக்கம் என்பதை எழுதி வாங்குங்கள். டைமிங் செயின், ஆயில் பம்ப், இன்ஜெக்டர் சர்வீஸ், கிளட்ச், லேத் கூலி, ஜி.எஸ்.டி. இவற்றில் பாதி எஸ்டிமேட்டில் இருக்காது, பில்லில் வந்து நிற்கும்.

கேள்வி: கொடைக்கானல் மலை ஏறும்போது ஹீட்டாகி வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக், இன்ஜினே போச்சு என்கிறார் இன்னொருவர்.

பதில்: சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்தான் ஹெட்; அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்தான் கேஸ்கட். ஹெட்டைக் கழற்றாமல் இருவருமே உறுதியாகச் சொல்ல முடியாது. ஹெட்டைக் கழற்றும் கூலிக்கு மட்டும் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். கழற்றியதும் அதன் அடிப்பக்கத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை (மெல்லிய அளவுத் தகடு) செருகிப் பார்ப்பார்கள். பல கார்களில் 0.05 மி.மீ. அளவுக்கு மேல் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்து தளத்தைச் சமமாக்க வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் அவசியம். பிளாக்கின் மேல்தளத்தையும் அதே பட்டையால் அளக்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆறே மாதத்தில் கேஸ்கட் மறுபடி போகிறது. சிலிண்டர் சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழவில்லை, பேரிங்கும் நன்றாக இருக்கிறது என்றால் இன்ஜினை முழுதாகப் பிரிக்காமல் ஹெட் வேலையோடு முடிந்துவிடும். ஹீட் ஆனதற்குக் காரணம் ரேடியேட்டரா, ஃபேனா, தெர்மோஸ்டாட்டா, வாட்டர் பம்ப்பா என்று கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: ரிங் மட்டும் மாற்றினால் மலிவாக முடியுமா?

பதில்: சிலிண்டர் அளவு சரியாக இருந்தால் மட்டும். முட்டை வடிவில் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் உட்காராது. அப்போது போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அளந்த அளவைத் தாளில் கேளுங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய இன்ஜின் 45,000-க்குக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா?

பதில்: விலை கவர்ச்சிதான். ஆனால் இன்ஜின் நம்பர் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் விபத்து க்ளெய்ம், விற்பனை, எஃப்.சி. எல்லாவற்றிலும் சிக்கல். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கு ஆதாரமும் பில்லும் தர மறுத்தால் தொடவே தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜின் என்றால் வழக்கு உங்கள் தலையில் விழும். எல்லாம் சரியாக இருந்தாலும் கம்ப்ரெஷன் பார்த்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றிப் பேரிங்கையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மழைத் தண்ணீரில் வண்டி மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: சாவியைத் தொடாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தம் செய்து ஆயில் மாற்றினால் தீர வேண்டிய வேலை, ஃபுல் இன்ஜின் வேலையாகிவிடும். 2015, 2023 சென்னை வெள்ளங்களுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்புகளில் இதைத்தான் நிறையப் பார்த்தோம். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்தைச் சாதாரண பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் சேதத்துக்கான இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை டோ செய்து கொண்டுபோங்கள், நின்ற இடத்திலேயே போட்டோவும் எடுத்து வையுங்கள்.