பிடியரிசி கொடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்லில்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது வாஷிங்டன் தேசியப் பேராலயத்துக்குக் கூட்டிப் போனாள். கலர்க் கண்ணாடி ஜன்னல்களில் கறுப்பின மக்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். முன்பு அதே இடத்தில் இரண்டு ராணுவத் தளபதிகள் இருந்தார்களாம். கோயிலுக்குள் போராட்டப் படம் எதற்கு? இருந்த வரலாற்றை அழிக்கலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அம்மா, முன்பு அங்கே இருந்தவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். ராபர்ட் ஈ. லீ, ஸ்டோன்வால் ஜாக்சன். அடிமைமுறையை விடமாட்டோம் என்று தனியாகப் பிரிந்த தென் மாநிலங்களுக்காகப் போரிட்ட தளபதிகள். போர் 1865-இல் முடிந்தது, ஜன்னல் வைத்தது 1953-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 88 வருடம். அந்தத் தென்மாநில வீரர்களின் வம்சத்துப் பெண்கள் நடத்திய ஒரு சங்கம் பணம் கொடுத்து, அவர்களைப் புனிதர்கள் மாதிரி கண்ணாடியில் நிறுத்தியது. பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் சம இடம் கேட்டுக் கறுப்பின மக்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. மார்ட்டின் லூதர் கிங் தன் வாழ்க்கையின் கடைசி ஞாயிறு பிரசங்கத்தை, 1968 மார்ச் 31 அன்று, அந்தக் கோயிலில்தான் செய்தார். அவர் பிரசங்கபீடத்தில் நிற்கிறார், அதே கட்டடத்தின் ஜன்னலில் லீ நிற்கிறார். நான்கு நாளில் கிங்கைச் சுட்டுவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

2015-இல் சார்ல்ஸ்டன் நகரத்துக் கறுப்பினச் சபை ஒன்றில் வேதபாடத்துக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகுதான் பேராலயத்துக்குள்ளேயே பேச்சு எழுந்தது. 2017 செப்டம்பரில் ஜன்னல்களைக் கழற்றினார்கள். உடைக்கவில்லை அம்மா, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 23 அன்று நீங்கள் பார்த்த புது ஜன்னல்களைத் திறந்தார்கள். வரைந்தவர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பின ஓவியர். அவர் வாங்கிய கூலி 18 டாலர் 65 சென்ட், போர் முடிந்த 1865-ஐ ஞாபகப்படுத்த. பதாகைகளில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? நியாயம் வேண்டும், அநியாய ஆட்டம் வேண்டாம், அவ்வளவுதான். வேதத்தில் தீர்க்கதரிசிகள் ஆமோஸும் மீகாவும் சொல்லாத எதையும் அந்த மக்கள் கேட்கவில்லையே!

கேள்வி: எங்கள் சபையின் பழைய கல்வெட்டில் கொடையாளிகள் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் இருக்கிறது. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிடலாம் என்கிறோம் வாலிபர் சங்கத்தில். பெரியவர்கள் கொதிக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம் பக்கம்

பதில்: தம்பி, நான் வளர்ந்த கோயிலிலும் அப்படி ஒரு கல் உண்டு. கருங்கல், எழுத்துக்கு வெள்ளைப் பெயின்ட். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பிள்ளைகள் நாங்கள்தான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம், எண்ணெய் பட்டதும் பெயர்கள் பளபளவென்று எழும்பி வரும். ஒருநாள் என் பாட்டி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மக்களே, இதுல எங்கம்மா பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவள் அம்மா வயலில் கூலிவேலை முடித்து வந்து சாயங்காலம் சாயங்காலம் இந்தக் கோயில் கட்டுவதற்கு ஆற்றிலிருந்து மணல் சுமந்தவளாம். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தவள். பிடியரிசியில் எழும்பிய சபைகள் நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. நூறு ரூபாய் கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறியது, அரிசி கொடுத்தவள் பெயர் ஏறவில்லை, அவள் உட்கார்ந்ததும் பக்கவாசல் ஓரத்துப் பாயில்தான். பாட்டிக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே சாதிப்பட்டத்தை எடுங்கள், தயங்க வேண்டாம். பெரியவர்களிடம் தேவசகாயத்தைச் சொல்லுங்கள். நட்டாலத்தில் பிறந்து 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட நம் ஊர் மனுஷன். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த பிள்ளைப் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் தேவசகாயம் என்றுதான் அறிவித்தார்கள். அதற்காக யாராவது அவரை மறந்துவிட்டார்களா? அவர் 1745-இல் ஞானஸ்நானம் வாங்கிய வடக்கன்குளத்திலேயே, அவருக்குப் பிறகு 1872-இல், பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனிக்கூடங்களாக ஒரு கோயில் கட்டி, சாதிக்கு ஒரு கூடம் என்று சுவர் வைத்துப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள், இடித்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குக்கூடப் போனார்கள். இன்றைக்கு அந்தச் சுவர் இருந்தது நம் வரலாறு என்று யாராவது திருப்பிக் கட்டச் சொல்வார்களா?

ஆனால் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். கல்லைக் கழற்றிவிட்டு டைல்ஸ் ஒட்டினால் கொடுத்தவர் பெயரும் போகும், மணல் சுமந்தவள் கதையும் போகும்.

கேள்வி: சரி, எடுத்த இடத்தில் என்னதான் வைப்பது? யார் முடிவு பண்ணுவது?
– ஒரு கோயில்பிள்ளை, இரணியல்

பதில்: ஐயா, முடிவை கமிட்டி மட்டும் எடுக்கக் கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செயின்ட் மேரி ரெட்கிளிஃப் கோயிலில், அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த கோல்ஸ்டனின் நினைவுக் கண்ணாடிகளை 2020-இல் எடுத்த பிறகு, ஊருக்கே பொதுவாகப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தது ஒரு இளம் டாக்டர். அவர் வரைந்ததில் இயேசு அகதிகளோடு படகில் இருக்கிறார், நிறம் பார்த்து வேலை கொடுக்காத பஸ் கம்பெனியை எதிர்த்தவர்களோடும் இருக்கிறார்.

இன்னொன்று. 1963 செப்டம்பர் 15, அமெரிக்காவின் பர்மிங்காம் நகரத்துக் கறுப்பினச் சபை ஒன்றில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். கடல் தாண்டி வேல்ஸ் நாட்டு மக்கள் சேர்ந்து அந்தச் சபைக்குக் கறுப்புக் கிறிஸ்துவின் ஜன்னல் ஒன்று செய்து கொடுத்தார்கள். ஒருத்தர் அரை கிரவுன் காசுக்கு மேல் போடக்கூடாது என்று விதி வைத்துத்தான் வசூல். எந்தப் பணக்காரனும் மொத்தத்தையும் கொடுத்துத் தன் பெயரை ஏற்றிவிடக் கூடாதாம். கேட்டதும் எனக்கு நம் பிடியரிசிதான் ஞாபகம் வந்தது.

நமக்குச் சிற்பி தேடி எங்கும் போக வேண்டாம், மயிலாடி இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ரிங்கல்தௌபேயை அழைத்து, 1809-இல் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) கோயில் எழும்பியதும் அந்த மயிலாடியில்தான். என்ன செதுக்கலாம்? மார்பை மறைக்கக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்காக அடிபட்டும், 1859-இல் அரசாணை வரும்வரை பின்வாங்காத பெண்களைச் செதுக்கலாம். லேஸ் பின்னிய கூலியில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட நாகர்கோவில் பெண்களைச் செதுக்கலாம். என்னைக் கேட்டால், கலயத்தில் அரிசி போடும் ஒரு கை. பக்கவாசல் ஓரத்தில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளை முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். செலவுக்கும் அதே வழி, வீட்டுக்கு ஒரு பிடி. மயிலாடிக்குக் கல் பார்க்கப் போகிற அன்றைக்கு ஒரு கடிதம் போடுங்கள், நானும் வருகிறேன்.