மந்தம் எத்தனை மணிக்கு?

வளரிளம் பிள்ளைகள் பக்கம்: மனநல மருத்துவர்கள் பதில்

கேள்வி: மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஏ.டி.ஹெச்.டி.க்காக (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு) மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். 5 மி.கி.யில் தொடங்கி, இப்போது காலை 7.30க்கு 10, மத்தியானம் 12.30க்கு 10. வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருக்கிறான் என்கிறார் ஆசிரியர். சோற்று டப்பா பாதிக்குமேல் அப்படியே திரும்பி வருகிறது. பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கினால் இருட்டும்வரை எல்லாரிடமும் எரிந்து விழுகிறான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, அளவு கூடிப்போய்விட்டதா?
ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கடிதத்தில் மாத்திரை கொடுக்கும் மணி இருக்கிறது; மந்தம் வரும் மணி இல்லை. விடை அதில்தான் இருக்கிறதுங்க அம்மா.

இந்தச் சாதாரண மாத்திரை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 7.30க்கு விழுங்கியது 11.30க்குள் தீர்ந்துபோகிறது. எனவே ஆசிரியரிடம் "எந்தப் பீரியடில் மந்தம்?" என்று கேளுங்கள். முதல் இரண்டு பீரியடில் சிரிப்பில்லாமல், பேச்சில்லாமல், பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அளவு கூடுதல், மருத்துவர் குறைப்பார். அந்த நேரத்தில் நன்றாக இருந்து, சாப்பாட்டு மணிக்கு முந்திய பீரியடில் பாதிக் கணக்கோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். வகுப்பு வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வைத்தியமோ நேர் எதிர். மந்தம் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அளவைக் குறைத்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலை நேரத்தையும் கெடுத்துக்கொண்ட குடும்பங்கள் பல.

சாயங்காலக் கோபமும் கணக்கில் ஒத்துவருகிறது. 12.30 மாத்திரை நாலு, நாலரைக்கு இறங்குகிறது, வயிறும் காலி. 3.30 வாக்கில் 5 மி.கி. சேர்ப்பது ஒரு வழி, ஆனால் அதற்கு மேல் தள்ளினால் தூக்கம் கெடும். காலையில் ஒரே ஒரு நீண்டநேர மாத்திரை இன்னொரு வழி. சுமார் 12 மணி நேரம் நீடிக்கும் வகையை வழக்கமாக 18 மி.கி.யில் தொடங்கி, வாரம் ஒரு படியாக ஏற்றுவார்கள். சாதாரண மாத்திரையில் 10 மி.கி.யை இரண்டு, மூன்று வேளை எடுத்துவந்தவருக்கு 36 ஈடாகலாம். அதை நுணுக்கக் கூடாது, மெல்லவும் கூடாது. சில வகைகளில் வெறும் ஓடு மலத்தில் முழுசாக வந்து விழும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள்.

உடம்பு எடையை வைத்து இந்த மருந்தின் சரியான அளவைச் சொல்ல முடியாது. 60 கிலோ பையனுக்குக் குறைந்த அளவே போதும், 40 கிலோ பையனுக்கு அதைவிடக் கூடுதல் தேவைப்படும் என்பதெல்லாம் சகஜம். படிப்படியாக ஏற்றிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள்: விழுங்கிய மணி, காலை நிலை, மத்தியானம், பொழுதோட, தூங்கிய மணி, சாப்பாடு. அளவு மாற்றும் முதல் நாள் சனிக்கிழமையாக இருந்தால் நீங்களே பக்கத்திலிருந்து பார்க்கலாம். அதே வாரத்தில் டியூஷனை மாற்றாதீர்கள். எது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

காலை மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிடட்டும். மத்தியானம் வற்புறுத்த வேண்டாம். இராத்திரி எட்டரைக்குப் பசி திரும்பும்போது நெய் விட்ட அரிசிம்பருப்புச் சோறும், படுக்குமுன் பாலும் அந்தக் குறையை ஈடுகட்டும். மாதம் ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், அளவு மாறும்போதெல்லாம் நாடியும் ரத்த அழுத்தமும் பாருங்கள். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று மாரடைத்து இறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, இல்லாத குரல் கேட்பது, சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குச் சட்டப்படி கடும் கட்டுப்பாடு உள்ளது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று உரிமம் பெற்ற கடையில்தான் கிடைக்கும். கடைசி அட்டையைப் பிரிக்கும் அன்றே ஈரோட்டிலோ கோவையிலோ கேட்டு வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு 16 வயது, 52 கிலோ. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஏ.டி.ஹெச்.டி.க்காக அடோமாக்ஸிடின் என்ற மருந்து 25 மி.கி. தொடங்கிப் பத்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா?
ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: இப்போதே நிறுத்துவது அவசரம். இந்த மருந்தை எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள்: தொடக்கம் கிலோவுக்கு அரை மி.கி., பிறகு கிலோவுக்கு 1.2. உங்கள் மகளுக்கு அது 60 மி.கி.யை ஒட்டி வரும். 25 என்பது முதல் படி. சரியான அளவுக்கு வந்த பிறகும் முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எப்போது ஏற்றுவது என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பின் விழுங்கச் சொல்லுங்கள். கேப்ஸ்யூலைப் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும். மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெடின் மாதிரி வேறு மருந்து எடுக்கிறாள் என்றால் அவசியம் சொல்லுங்கள். அது இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

விடுதி என்பதுதான் எங்கள் கவலை. இந்த மருந்தைத் தினமும் எடுக்க வேண்டும், விட்டு விட்டு எடுத்தால் பயனில்லை. வார்டனிடம் ஒரு தாள் கொடுங்கள்: மருந்தின் பெயர், அளவு, நேரம், மருத்துவரின் எண். கண் மஞ்சள், சிறுநீர் கருமை, வழக்கத்துக்கு மாறான அழுகை, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு, இவை தெரிந்தால் அன்றே கூப்பிடச் சொல்லுங்கள். முதல் சில மாதமும் அளவு மாறும் வாரங்களும் கூடுதல் கவனம் வேண்டிய காலம். ஞாயிறு போனில் மார்க்கைப் பற்றிக் கேட்குமுன் தூக்கத்தையும் மனசையும் பற்றிக் கேளுங்கள்.