ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் சாய்வான கோடுகள் எதற்கு?

பார்வையற்றோர் விரலால் தடவி நோட்டை அடையாளம் காணத்தான். இப்போதைய வரிசையில் 100 ரூபாயில் மேடாக அச்சிட்ட 4 கோடுகள், 200-ல் அதே 4 கோடுகளோடு நடுவே 2 சின்ன வட்டங்கள், 500-ல் 5 கோடுகள். முன்பக்கத்தை நகத்தால் மெல்ல வருடினால் சொரசொரப்பு தெரியும். 100-ல் ஒரு முக்கோணமும் 500-ல் ஒரு வட்டமும்கூடப் புடைத்திருக்கும்.

சிக்கல் பழைய நோட்டில்தான். கைமாறிக் கைமாறி மேடு தேய்ந்துவிடும். பிறகு நீளம்தான் துணை: 100 ரூபாய் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் 66. பேருந்து நெரிசலில் வெறும் 4 மி.மீ. வித்தியாசத்தை விரலால் அளப்பது பெரும்பாடு. இந்த இடைவெளியை இன்னும் கூட்டியிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி 2020 முதல் கிடைக்கிறது. இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலே, கேமராவில் காட்டிய நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும்.